உடற்பருமனும் வைத்தியர் தகுதியும்: மானிப்பாய் முதல் சம்பூர் வரை ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நோய்க்கெனத் தனி மருத்துவத்துறை ஒன்று தோன்றவேண்டுமாயின் மூன்று அமைதல் வேண்டும். அந்நோய்க்கு ஒரு பெயர் வேண்டும். அதனை அளக்க ஒரு கோல் வேண்டும். அதற்குச் சிகிச்சை செய்யத் தகுந்தோர் இன்னார், தகாதோர் இன்னார் என வரையறுக்கும் ஒரு கூட்டமும் வேண்டும். முதலிரண்டையும் பற்றி மருத்துவ பீடத்தாரும் விஞ்ஞான பீடத்தாரும் எழுதுவர். மூன்றாவது சமூக வரலாற்றின்பாற்பட்டது. யார் யாரைச் சேர்த்துக்கொண்டனர், எந்த மொழியில் பரீட்சித்தனர், எவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர் என்பன வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய வினாக்களே. ஆதலின் கலைப்பீடத்து மாணவர் ஒருவர் உடற்பருமன் மருத்துவம் பற்றி எழுதப் புகுவதை அத்துமீறலெனக் கொள்ளவேண்டியதில்லை.

உடற்பருமனைத் தனித்துறையாகக் கொண்டு வைத்தியர்க்குக் கல்வி புகட்டுதல், பரீட்சை வைத்தல், சான்றிதழும் உறுப்புரிமையும் வழங்குதல் ஆகிய ஏற்பாடுகள் மேனாடுகளில் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளன. இவ்வேற்பாடுகள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் போன்ற ஓர் ஊருக்கு எவ்வழியால் வந்து சேரும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பட்டினியின் நினைவு நீங்காத ஊரில் கொழுப்பைப் பற்றிப் பேசுவதா என நகைப்போர் உளர். நகைப்புக்கு விடை பின்னர் வரும்.

வைத்தியனுக்குத் தகுதி வழங்கல் என்பது ஐரோப்பியர் நமக்குக் கற்பித்த புதுமையன்று. சுசுருத சங்கிதை நூலைக் கற்று, பொருளையுணர்ந்து, செய்முறை கண்டு, தானும் செய்து பழகி, அதன்பின் அரசனின் அனுமதியும் பெற்றவனே வைத்தியத் தொழிலில் இறங்கலாம் என்கிறது. இக்காலத்து மருத்துவச் சபைகளின் விதிகளில் இதற்கு மேலாக யாதுண்டு? சரக சங்கிதையோ விமானத்தானத்தின் 8ஆம் அத்தியாயத்தில் மாணவனைத் தெரிந்தெடுக்கும் முறை, அவன் ஏற்கவேண்டிய ஒழுக்க உறுதிகள், ஒரே கலையைப் பயின்றோர் தமக்குள் நிகழ்த்தவேண்டிய வாதம் ஆகியவற்றை விரித்துரைக்கின்றது. தொழிற்கழகம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்துக்கு இலக்கணம் வகுத்தாற்போன்ற பகுதி அது.

உடற்பருமனும் அந்நூல்களுக்குப் புதிதன்று. சரகரின் சூத்திரத்தானத்து 21ஆம் அத்தியாயம் உடலமைப்பினால் நிந்திக்கப்படும் எண்வகை மனிதரை எடுத்தோதுகின்றது. அவ்வெண்மருள் அதிதூலரும் அதிகிருசரும், அதாவது மிகப் பருத்தவரும் மிக மெலிந்தவரும், தனியாகப் பிரித்து ஆராயப்படுகின்றனர். இருவருள்ளும் பருத்தவர்க்கே சிகிச்சை அரிது என்பது அவர் துணிபு. யாழ்ப்பாணத்து அரசரின் பெயரால் வழங்கும் பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களைக் கையிற்கொண்டு தமிழில் வைத்தியம் கற்ற பரம்பரைகளும் ஈழத்தில் இருந்தன. அவர்கட்குப் பட்டமும் பதிவேடும் இல்லை. தந்தையும் ஊருமே சான்று. இம்முறையைப் பொற்காலமெனப் போற்றுதல் மிகை. கைதவறிய வைத்தியனைத் தட்டிக்கேட்க அங்கே எவருமிலர். எனினும், நோயாளி பேசும் மொழியிலேயே வைத்தியனும் கற்றான் என்ற ஒன்றை மறத்தலாகாது.

மேனாட்டு வைத்தியத்தை அதே மொழியிற் கற்பிக்க முயன்ற முயற்சியே நம் வரலாற்றில் மிகச் சிறந்த அத்தியாயமாகும். 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கிய ஜோன் ஸ்கடரைத் தொடர்ந்து, 1847இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரரில் 1822இல் பிறந்த இவர், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு 1848இலேயே மாணவரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார். அக்காலத்தில் இலங்கையின் வேறெங்கணும் முறையான மருத்துவக் கல்லூரி இருந்ததில்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின்னர், 1870இல்.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்ற மாணவருட் பலர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியிடங்களுக்குச் சென்றுவிட்டனர். கிராமங்களில் இருக்கவேண்டிய வைத்தியர் கிராமங்களில் இல்லை. இதனைக் கண்ட கிறீன், 1862இல் விடுமுறை முடிந்து மீண்டபின்னர், போதனா மொழியைத் தமிழாக்கினார். மாணவர் மகிழ்ந்தனரா எனின், இல்லை. ஆங்கிலம் இருந்தாலன்றோ உத்தியோகமும் சம்பளமும்! தமிழிற் கற்பதால் தம் தகுதி குறுகுமென அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. இன்று பல்கலைக்கழகப் போதனாமொழி பற்றி நாம் நிகழ்த்தும் வாதங்கள் யாவும் மானிப்பாயில் ஒருமுறை நிகழ்ந்து முடிந்தவையே.

கற்பிக்க நூல் வேண்டுமே! கற்றரின் உடற்கூறு, உடற்றொழில், சுகாதார நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரோடு 1857இல் வெளிவந்தது. மோன்செல் என்பாரின் நூலைத் தழுவிய 'பிரசவ வைத்தியம்' அதே ஆண்டினது. துருவிற்றின் சத்திரசிகிச்சை நூல் 1867இல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. 1872இல் கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாத'மாகவும், கூப்பரின் கைந்நூல் 'வைத்தியாகர'மாகவும் வந்தன. வேல்சின் இரசாயனம் 'கெமிஸ்தம்' என்ற பெயரோடு 1875இலும், டால்ற்றனின் உடற்றொழிலியல் 'மனுஷ சுகரணம்' என 1883இலும் தோன்றின. டன்வதர், சப்மன் முதலிய அவருடைய மாணவரே மொழிபெயர்ப்பிற் பெரும்பங்கு கொண்டனர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் இவ்வாறு தமிழாயின. சொல்லாக்கத்தில் கிறீன் கைக்கொண்ட ஒழுங்கும் குறிப்பிடற்பாலது. தமிழில் வழங்கும் சொல் இருப்பின் அது. இன்றேல் வடமொழிச் சொல். அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. 'கெமிஸ்தம்' இம்மூன்றாம் வகையினது. அச்சொல் நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆயின் நிலைக்காத சொற்களை வைத்துக்கொண்டே வைத்தியர் பலர் பயிற்றப்பட்டனர் என்பதும் உண்மை. செப்பமான கலைச்சொல் கிடைக்கும்வரை தமிழிற் கற்பிக்க இயலாது எனக் கூறுவோர் இதனை ஒருகணம் சிந்தித்தல் நன்று.

மானிப்பாயில் இவ்வாறு நூல்கள் பெயர்க்கப்பட்ட அதே பதிற்றாண்டில், லண்டன் நகரில் வேறொரு நூல் பரபரப்பை விளைவித்தது. வில்லியம் பாண்டிங் என்பார் மரணச் சடங்குகளை ஒழுங்குசெய்து கொடுக்கும் தொழிலினர். ஐந்தடி ஐந்தங்குல உயரமும் 202 இறாத்தல் நிறையும் உடையவர். குனிந்து சப்பாத்தின் நாடாவைக் கட்டவும் இயலாது துன்புற்ற அவர், வைத்தியர் பலரிடம் சென்றார். படகு வலிக்கச் சொன்னார் ஒருவர். நீராவிக் குளியல் என்றார் இன்னொருவர். பயனில்லை. இறுதியில் காது மந்தமென்று காது வைத்தியரான வில்லியம் ஆவி என்பாரிடம் போனபோதுதான், பாணும் சீனியும் மாச்சத்தும் ஒழித்த உணவுமுறை அவருக்குக் கிடைத்தது. பரிஸ் நகரில் குளோட் பேர்னாட் என்னும் உடற்றொழில் விற்பன்னரின் விரிவுரைகளைக் கேட்டிருந்தவர் இவ்வைத்தியர். மெலிந்த பாண்டிங் 1863இல் தம் அனுபவத்தைப் பொதுமக்களுக்கொரு கடிதமாக அச்சிட்டு வெளியிட்டார். வைத்திய உலகம் அவரை எள்ளி நகையாடியது. வைத்தியத் தகுதியற்ற ஒருவன் வைத்தியம் பற்றி எழுதலாமோ என்பதே அவர்கள் கேள்வி.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓருண்மை புலப்படும். றோயல் கல்லூரியும், பதிவேடும், சங்கங்களும் நிறைந்த லண்டனில் பருமனுற்ற நோயாளி ஒருவர்க்கு வழிகாட்டத் தகுந்த கல்வி வைத்தியரிடம் இல்லை. உறுப்புரிமை இருந்தது, அந்நோயைப் பற்றிய கல்வி இல்லை. மானிப்பாயிலோ கல்வி இருந்தது, உறுப்புரிமை இல்லை. அதனால் விளைந்தது யாது?

1873இல் கிறீன் நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். அவர் சென்றபின் தமிழ்மொழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலமொழியில் அரசாங்கக் கல்லூரி வளர்ந்தது. 1880களின் இறுதியில் அதன் தகுதிப்பத்திரம் பெற்றோர் பிரித்தானியப் பொது மருத்துவச் சபையின் பதிவேட்டில் இடம்பெறும் உரிமையையும் எய்தினர். பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளை 1887இல் தோன்றியது. சேர் வில்லியம் கின்சி அதன் முதற்றலைவர். அக்கிளையே 1951இல் இலங்கை மருத்துவச் சங்கமாக மாறித் தனித்தியங்கலாயிற்று. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் பதிவேட்டைச் சட்டத்தின் கல்லிற் பொறித்தது. பதிவேட்டில் பெயருள்ளவரே வைத்தியர். போலி வைத்தியரிடமிருந்து மக்களைக் காக்க இச்சட்டம் இன்றியமையாதது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் மொழி ஆங்கிலம். அதன் வாயில் கொழும்பு.

அவ்வாயிலுக்கு அப்பாலும் இன்னுமொரு வாயில் இருந்தது. உயர்தர வைத்திய நிபுணராக விரும்புவோர் கப்பலேறி லண்டனுக்கோ எடின்பரோவுக்கோ சென்று, அங்குள்ள றோயல் கல்லூரிகளின் பரீட்சையிற் சித்தியெய்தி 'உறுப்பினர்' ஆகவேண்டும். பெயருக்குப் பின்னால் எழுதப்படும் அவ்வெழுத்துக்கள் குறிப்பது பட்டத்தையன்று, உறுப்புரிமையை என்பதை நம்மிற் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. தொலைதூரத்திலுள்ள ஒரு சபையின் அங்கத்தவராக இருப்பதே இலங்கை நிபுணரின் தகுதியாயிற்று. 1967இல் இலங்கை வைத்திய நிபுணர் கல்லூரி அமைந்ததும், 1976இல் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துக்கு அடிகோலப்பட்டதும் இந்நிலையை மாற்றும் முயற்சிகளே.

சுதேச வைத்தியம் வேறொரு பாதையிற் சென்றது. 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதத்தோடு சித்தமும் யூனானியும் கற்பிக்கப்பட்டன. 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சுதேச வைத்தியரைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் அதனை விரிவாக்கியது. இவ்வாறு ஒரே நாட்டில் இரு பதிவேடுகள், இரு சபைகள், இரு தகுதிகள் தோன்றின. இடையிலே அப்போதிக்கரிமார் என்றழைக்கப்பட்ட மூன்றாவதொரு வகுப்பினர் இருந்தனர். பின்னர் உதவி வைத்தியர் எனவும் பதிவுபெற்ற வைத்தியர் எனவும் பெயர் மாறிய இவர்களே பெரிய வைத்தியசாலைகளுக்கு எட்டாத ஊர்களின் சுமையைத் தாங்கினர். நிபுணர் கல்லூரிகளின் வரலாற்றை எழுதுவோர் இவர்களுக்கு அரைப்பக்கமும் ஒதுக்குவதில்லை. நோயாளரின் வரலாறு எழுதப்படுமாயின் இவர்களுக்கே முதலதிகாரம்.

இனி உடற்பருமன் மருத்துவம் தனித்துறையான கதைக்கு வருவோம். பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர் கெற்றிலே, கிலோகிராமிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் விகிதத்தை 1830களில் எடுத்துரைத்தார். அவர் வைத்தியருமல்லர், பருமனை ஆராய்ந்தவருமல்லர், சராசரி மனிதனைத் தேடியவர். 1972இல் அன்செல் கீஸ் அதே விகிதத்துக்கு உடற்றிணிவுச் சுட்டி எனப் புதுப்பெயர் சூட்டினார். இடைப்பட்ட காலத்தில் பருமனை அளந்தவர்கள் ஆயுட்காப்புறுதிக் கம்பனிகளே. மெற்றோபொலிற்றன் கம்பனி 1940களில் வெளியிட்ட உயர-நிறை அட்டவணைகள் வைத்தியசாலைச் சுவர்களில் தொங்கின. எவர் எத்தனை ஆண்டு வாழ்வார் எனக் கணக்கிட்டு இலாபம் காண்போரின் அளவுகோலை வைத்தியர் கடன்வாங்கினர்.

அளவுகோல் வந்தபின்னரும் கல்வி வரவில்லை. அவ்விடைவெளியில் வணிகம் நுழைந்தது. வெடிமருந்துத் தொழிலிற் பயன்பட்ட டைநைற்றோபீனோல் என்ற இரசாயனம் உடல் மெலிவிக்கும் என 1933இல் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் அறிவித்ததும் அது பெருவாரியாக விற்பனையாயிற்று. கட்புரை விழுந்தோரும் உடல் வெப்பமேறி இறந்தோருமாகப் பலர் பாதிக்கப்பட்டபின் 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. பின்னர் வானவில் மாத்திரைகள் வந்தன. அம்பெற்றமைன், தைரொயிட்டுச் சுரப்பு, சிறுநீர்பெருக்கி, இதயத்துக்கான டிஜிற்றாலிஸ் ஆகியன பல நிறங்களிற் கலந்து, வரிசையில் நின்ற பெண்களுக்கு அள்ளி வழங்கப்பட்டன. வழங்கியோர் போலிகளல்லர், பதிவேட்டிற் பெயருள்ள வைத்தியர்! 1968இல் அமெரிக்க மூதவையில் செனற்றர் பிலிப் ஹாட் நடத்திய விசாரணை இவ்விழிநிலையை வெளிச்சமாக்கியது.

பதிவேடு மட்டும் போதாது, துறைசார்ந்த கல்வியும் அதனைச் சோதிக்கும் சகபாடிகளின் கண்ணும் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 1950இலேயே தோன்றிப் பலமுறை பெயர்மாறிய வைத்தியர் சங்கம் ஒன்று இன்று உடற்பருமன் மருத்துவச் சங்கமென வழங்குகின்றது. பிரித்தானியாவில் உடற்பருமன் ஆய்வுச் சங்கம் 1967இல் எழுந்தது. முதலாவது அனைத்துலக மாநாடு 1974இல் லண்டனில் கூடியது. நாடுகளின் சங்கங்களை ஒன்றுசேர்த்து 1986இல் அமைந்த அனைத்துலகக் கழகம் 2014இல் உலக உடற்பருமன் சம்மேளனம் ஆயிற்று. இச்சம்மேளனம் வைத்தியர்க்கும் தாதியர்க்கும் உணவியலாளர்க்கும் பாடங்கள் நடத்திச் சான்றிதழ் வழங்குகின்றது. அமெரிக்காவில் 2011இல் அமைந்த உடற்பருமன் மருத்துவச் சபையோ வேறொரு துறையில் ஏற்கெனவே நிபுணத் தகுதி பெற்றவரையே பரீட்சைக்கு ஏற்கின்றது. வாயிலுக்குள் வாயில் என்ற பழைய கதை இங்கும் தொடர்கின்றது.

சங்கங்களின் வலிமையை உணர்த்தும் ஒரு நிகழ்ச்சியை விட்டுச்செல்ல மனமில்லை. உடற்பருமன் ஒரு நோய்தானா என்ற வினா 2013 ஜூனில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதிகள் சபை முன்வந்தது. சுட்டெண் ஒன்றைக் கொண்டு நோயென முடிவுகட்டல் ஆகாது எனச் சங்கத்தின் விஞ்ஞானக் குழுவே ஆலோசனை கூறியிருந்தது. சபை அதனைப் புறந்தள்ளி, வாக்கெடுப்பினால் நோயென்றே தீர்மானித்தது. அதற்கு முன்னர், 1998இல், மிகைநிறையின் எல்லை 25 ஆகக் குறைக்கப்பட்டபோது இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர், ஓரிறாத்தலும் கூடாமலேயே, மிகைநிறையினராயினர். ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எல்லைகள் பொருந்தும் என்ற கருத்து உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவால் 2004இல் வெளிவந்தது. நம்மவர் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றனர் என்பது காரணம். கோலை எங்கே பிடிப்பது என்பதைத் தீர்மானிப்போர் கூட்டத்தில் இருக்கின்றனர். கூட்டத்தில் இல்லாதோர் அளக்கப்படுகின்றனர்.

சில வேளைகளில் அளக்கப்படுவதும் இல்லை. இலங்கையில் உடற்பருமன், நீரிழிவு பற்றி வைத்தியர் மேற்கோள் காட்டும் பேராய்வு 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்தது. ஏறத்தாழ 5000 வயதுவந்தோரை ஆராய்ந்த அவ்வாய்வு, ஆசிய எல்லைகளின்படி நூற்றுக்கு 25.2 பேர் மிகைநிறையினர், 9.2 பேர் பருமனுடையோர் எனக் கண்டது. வயிற்றுப் பருமன் 26.2 வீதம். வளர்ந்தோரில் பத்திலொருவர்க்கு நீரிழிவு என்பதும் அதன் முடிபே. இவ்வாய்வு ஒன்பது மாகாணங்களுள் ஏழிலே நடத்தப்பட்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. ஆய்வாளரைக் குறைகூறுவதற்கில்லை, குண்டு விழும் நிலத்தில் நிறை நிறுக்கும் தராசைக் கொண்டுசெல்வது யாங்ஙனம்? 2006 ஏப்பிரலில் சம்பூர் மீது விமானத் தாக்குதல் நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியபோது ஊரவர் அங்கே இல்லை. 2007இல் அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமெனப் பிரகடனமாயிற்று. நெல்லும் மாடும் கடலும் கொண்டு வாழ்ந்த மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி என்னும் உலருணவு நிவாரணத்தில் ஆண்டுகளைக் கழித்தனர். நிலம் மீளத் தொடங்கியது 2015இலேயே. பிற்காலத்து நாடளாவிய ஆய்வுகள் கிழக்கையும் உட்கொண்டன. எனினும், ஒரு தலைமுறை வைத்திய மாணவர் கற்ற எண்களில் சம்பூரும் மூதூரும் இல்லை.

பட்டினி கிடந்த ஊரில் பருமனைப் பேசுவதா என்ற நகைப்புக்கு இனி விடை கூறலாம். 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மானிய முற்றுகையால் ஒல்லாந்து நாட்டின் மேற்குப்பகுதி பட்டினியில் வாடியது. அக்காலத்தில் கருவிலிருந்தோர் பத்தொன்பது வயதில் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டபோது பதியப்பட்ட மூன்று லட்சம் இளைஞரின் அளவுகள் 1976இல் ஆராயப்பட்டன. கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினியுற்றிருப்பின் மகனிடம் பருமன் மிகுந்திருந்தது. கர்ப்பத்தின் இறுதியிலும் சிசுப்பருவத்திலும் பட்டினியுற்றோரிடம் அது குறைந்திருந்தது. பஞ்சமும் பருமனும் எதிரெதிர்த் துருவங்களல்ல. ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் என்பதை இவ்வாய்வு உணர்த்திற்று. இதனைச் சம்பூருக்கு அப்படியே பொருத்துதல் ஆராய்ச்சி நெறியாகாது. ஆயின் முகாமிற் கருவுற்ற தாய்மாரின் பிள்ளைகள் வளர்ந்து வருகின்ற ஊரிலே பருமனைப் பற்றிய கல்வி தேவையற்ற ஆடம்பரம் எனக் கூறுதல் அதனினும் பெருந்தவறு.

உடற்பருமனுக்குச் சிகிச்சை, பெரும்பகுதி, பேச்சாலாயது. புதிய ஊசிமருந்துகள் வந்துள்ளன. இரைப்பையில் சத்திரசிகிச்சையும் உண்டு. அவற்றின் விலையும் தூரமும் ஒருபுறமிருக்க, அவற்றைத் தொடங்குமுன்னரும் தொடங்கிய பின்னரும் வைத்தியர் நோயாளியோடு பேசவேண்டியிருக்கின்றது. எலும்பு முறிவைப் படமெடுத்துப் பார்க்கலாம். ஒரு தாய் நாளொன்றுக்கு எத்தனை முறை தேநீர் குடிக்கிறாள், ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி சீனி, இரவுச் சோறு எப்போது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை உண்பவர் யார் என்பவற்றைக் கேட்டே அறியவேண்டும். நம் ஊர்களில் நீண்டநாட் கழித்துக் காணும் உறவினரை 'மெலிஞ்சு போனாய்' என்று இரக்கத்தோடு கூறுவர். மெலிவு என்பது துயரின் அடையாளம். பசித்திருந்து மீண்ட ஒருத்திக்கு உடல் பருத்தது நல்வாழ்வு திரும்பியதற்கு அத்தாட்சி. அவளிடம் சென்று 'நிறையைக் குறை' எனக் கட்டளையிடும் வைத்தியர், தாம் என்ன சொல்கிறோம் என்பதை அறியாமலே அவளைப் புண்படுத்துவார். மறுமுறை அவள் கிளினிக்குக்கு வரமாட்டாள். இதனை நன்கு விளக்கும் பாடம் உலகச் சங்கங்களின் பாடத்திட்டங்களிலும் உண்டு. பருமனுற்றோரை இழித்துப்பேசும் வழக்கத்தை வைத்தியர் கைவிடவேண்டும் என்பது இன்று அவர்கள் வலியுறுத்தும் தலையாய கொள்கைகளுள் ஒன்று. ஆனால் எந்தச் சொல் இழிக்கும், எந்தச் சொல் தேற்றும் என்பதை ஆங்கிலப் பாடம் தமிழ் வைத்தியருக்குக் கற்பிக்க இயலாது.

நாட்டின் ஆரம்ப வைத்திய நிலையங்களில் 2011 முதலாக ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் என்னும் ஏற்பாடு நடைபெறுகின்றது. வயதுவந்தோரை அழைத்து நிறை, உயரம், இடுப்பளவு, குருதி அமுக்கம், சீனி ஆகியன பார்க்கின்றனர். நல்ல ஏற்பாடு. அங்கே அளப்பவர் சாதாரண வைத்திய அதிகாரியும் தாதியுமே. நிபுணத் தகுதி பெற்ற பின்னரே பரீட்சைக்கு அமர இடந்தரும் சபைகள் இவர்களை ஒருபோதும் காணப்போவதில்லை. கிறீனின் காலத்து வினா இங்கே மீண்டும் உயிர்பெறுகின்றது. கிராமத்தில் இருப்பவருக்குக் கற்பிப்பதா? கற்பித்தபின் கிராமத்துக்கு வருவார் என எதிர்பார்ப்பதா?

கிழக்கில் இதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில், 2008இல் சித்த மருத்துவ அலகு ஆரம்பமாயிற்று. ஒன்று 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேட்டுக்கு வைத்தியரை அனுப்புகின்றது. மற்றையது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேட்டுக்கு. சம்பூரிலிருந்து வரும் நோயாளிக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. சீனிக்கு மாத்திரையை மூதூர் ஆதார வைத்தியசாலையில் வாங்குபவர், மூட்டு நோவுக்கு எண்ணெய் தேடிச் சித்த வைத்தியரிடமும் போகின்றார். மூட்டு நோவுக்கும் சீனிக்கும் காரணமான பருமனைப் பற்றி இருவரும் ஒரேவிதமாகப் பேசினால் அவருக்கு நன்மை. முரண்பட்டுப் பேசினால் இருவரையும் நம்பார்.

இவ்விரு பகுதியினர்க்கும் தாதியர்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்க்கும் பொதுவாகத் தமிழில் ஒரு குறுங்காலப் பாடநெறியும், அதன் முடிவில் பரீட்சையும், பரீட்சையிற் சித்தியெய்தியோர் ஆண்டுதோறும் கூடித் தம் நோயாளர் பற்றி வாதிக்கும் ஒரு சங்கமும் அமைதல் கூடும். பாடநூலாக்கத்துக்கு மருத்துவ பீடத்தார் மாத்திரமன்றி மொழித்துறையினரும் வேண்டும். நம் தமிழ்ச் சங்கம் ஆற்றக்கூடிய பணி அது. சுட்டெண்ணின் ஆசிய எல்லைகள், ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சதமமீற்றர் எனக் கொள்ளப்படும் இடுப்பளவு, கருவிற்பட்ட பசியின் விளைவு, நிவாரணக் காலத்திற் பழகிய கோதுமை மாவும் சீனியும், நோயாளியை நோகாது வினவும் முறை ஆகியன அதன் முதலியல்கள் ஆகலாம். பரீட்சையை மூதூரிலேயே நடத்தலாம். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதனையடுத்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டபின் திருகோணமலையிலிருந்து பரீட்சகர் தரைவழியே வந்துசேரக் கடினமில்லை.